முதல் எழுத்து போன பெயர்கள்

போன மாதம், ஐந்து நாள் விடாமல் மழை பெய்த ஒரு வாரத்தில், ஒரு பெண் உரச்சாக்கில் சுற்றிய சி.பி.யூ. ஒன்றைத் தூக்கிக்கொண்டு என் கடைப் படியேறி வந்தார். இலங்கை மலையகத்தில், ஹட்டனில் என் கடை மாடியில் இருக்கிறது, கீழே பேக்கரி. படியேறி வருகிறவர்கள் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்கும் முதல் கேள்வி, "அண்ணே இல்லையா?" பதினான்கு வருடமாகக் கடை நடத்துகிறேன், அப்படி ஓர் அண்ணன் இங்கே எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. இந்தப் பெண் அதைக் கேட்கவில்லை. மூட்டையை மேசையில் வைத்தார். "இது எங்கப்பாவோடது. அப்பா போய் ஒரு வருஷமாகப் போகுது. இது போய் ஆறு வருஷம்" என்றார்.

அப்பா பொகவந்தலாவைப் பக்கம் கொமியுனிகேஷன் கடை வைத்திருந்தவர். ஊரில் அவரை மாஸ்டர் என்பார்களாம், பள்ளிக்கூடத்தில் ஒருநாளும் படிப்பிக்காவிட்டாலும். எங்கள் பக்கத்து டவுன்களில் அப்படி ஒரு கடை கட்டாயம் இருந்தது. ஒரு போன், ஒரு போட்டோகொப்பி மெஷின், கண்ணாடிக்கு அடியில் யாரும் வந்து வாங்காத பாஸ்போர்ட் சைஸ் படங்கள், மூலையில் பிளாஸ்டிக் உறை போட்ட கம்ப்யூட்டர். லயத்திலிருந்து, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளிலிருந்து, வருகிறவர் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல மாஸ்டர் டைப் பண்ணுவார். சேமலாப நிதிக்கு, அடையாள அட்டைக்கு, பிறப்புச் சான்றிதழில் தப்பாக விழுந்த பெயருக்கு, தோட்டத்துப் பெரிய துரைக்கு, பொலிஸுக்கு. 2003இல் இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் வந்ததே, அப்போது இந்தக் கடைகளில் நின்ற கூட்டம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. எங்கள் அம்மாயி என் கையைப் பிடித்துக்கொண்டு அப்படி ஒரு வரிசையில் நின்றது. இந்திய வம்சாவளியினரை இலங்கையும் இந்தியாவும் பங்கிட்டுக்கொண்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தான 1964 ஒக்டோபர் 30 என்ற தேதியை நான் பாடப் புத்தகத்தில் படிக்கவில்லை, அந்த வரிசையில்தான் முதலில் கேட்டேன்.

மகளுக்கு வேண்டியது ஒரே ஒரு கடிதம். சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் குடும்பம் இரண்டாகி, மாஸ்டரின் அக்கா எழுபதுகளில் தலைமன்னாரில் கப்பலேறிப் போனவர். கூடலூர் பக்கம் தமிழ்நாடு அரசின் டான்டீ தேயிலைத் தோட்டத்தில் வேலை கிடைத்ததாம். மாஸ்டர் அவருக்கு அவ்வப்போது கம்ப்யூட்டரில் கடிதம் டைப் பண்ணித் தபாலில் சேர்ப்பார். அதன் தலைப்பில் முகவரி இருக்கும். அப்பா எழுதி வைத்த கொப்பி வெள்ளத்தில் போய்விட்டது. "அத்தைக்கு அப்பா போனதே தெரியாது" என்றார் அந்தப் பெண்.

சரி, பெட்டியைத் திறந்தேன். உள்ளே கறையான் மண் மாதிரி ஒரு தூசி, பவர் சப்ளைக்குள் பல்லி முட்டை ஓடு. மதர்போர்டில் நான்கு கெப்பாசிட்டர்களின் தலை உப்பி, பழுப்பாகக் கசிந்து காய்ந்திருந்தது. 2000களின் தொடக்கத்தில் வந்த போர்டுகளில் அடிக்கடி காணும் வியாதி இது. இனி அது எழும்பாது. ஆனால் ஒன்றை எத்தனை பேருக்குச் சொன்னாலும் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது: பெட்டி செத்தால் டிஸ்க் சாகாது. திரை கறுப்பாகிவிட்டால் உள்ளே இருப்பதும் போய்விட்டது என்று நினைத்து, பழைய இரும்புக்காரரிடம் கிலோ கணக்கில் போடுகிறார்கள். அவரிடமிருந்து நானே சில வேளை பழைய டிஸ்க் வாங்கியிருக்கிறேன், உதிரிக்காக. செருகிப் பார்த்தால் யாரோ ஒருவரின் கல்யாண வீடு, ஆஸ்பத்திரி ரிப்போர்ட், வங்கிக் கடிதம் எல்லாம் அப்படியே கிடக்கும்.

மாஸ்டரின் டிஸ்க் 40 ஜிபி. பட்டைக் கேபிள் போடும் ஐடிஇ வகை, பின்னால் நாற்பது ஊசி வரிசை. இப்போதைய எந்த போர்டிலும் அதைச் செருக இடமில்லை. பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் வருடக்கணக்குக்கு முன் வாங்கிய யூஎஸ்பி கன்வெர்ட்டர் ஒன்று என்னிடம் இருக்கிறது. அதில் மாட்டி, 12 வோல்ட் அடாப்டரைக் கொடுத்து, காதை டிஸ்க்குக்குப் பக்கத்தில் வைத்தேன். இந்த வேலையில் கண்ணுக்கு முன் காதுதான். சுற்ற ஆரம்பிக்கும் இரைச்சல் ஏறி ஒரே சுருதியில் நின்றால் நல்லது. 'டிக்... டிக்... டிக்' என்று ஒரே சீராகத் தட்டினால், உள்ளே சுற்றும் தட்டிலிருந்து படிக்கும் ஹெட் போய்விட்டது, உடனே கரண்ட்டை நிறுத்திவிட வேண்டும். தட்டவிட்டுக்கொண்டே இருந்தால் தட்டின் மேல்பூச்சு சுரண்டுப்பட்டுவிடும், பிறகு தூசியில்லாத அறை வைத்திருக்கிற கொழும்புக்காரர்களாலும் ஏலாது. இது சுற்றியது. நடுநடுவே முனகியது, அவ்வளவுதான்.

ஒரு சின்னப் புலம்பல். யூடியூப் பார்த்துவிட்டு ஹார்ட் டிஸ்க்கை ஃப்ரீஸரில் வைத்து எடுத்துவரும் தம்பிமாரே, தயவுசெய்து வேண்டாம். ஹட்டனில் ஆனி ஆடியில் சுவரே வியர்க்கிறது. குளிரிலிருந்து எடுத்த அடுத்த நிமிடமே டிஸ்க்குக்குள்ளும் தண்ணீர் கோத்துக்கொள்ளும். அந்த ஈரத் தட்டுக்கு மேலே, மயிரிழையை விடப் பல மடங்கு குறைந்த இடைவெளியில் ஹெட் பறக்க வேண்டும். அதேமாதிரி, எக்ஸ்டேர்னல் டிஸ்க்கின் அடாப்டர் காணாமல் போனால் லெப்டொப் அடாப்டரைச் செருகுவது. முனை பொருந்தும், வோல்ட் பொருந்தாது. 12 கேட்கிற இடத்தில் 19 போனால், போர்டில் காவலுக்கு இருக்கும் சின்ன டயோட் தன்னை எரித்துக்கொண்டு மற்றதைக் காப்பாற்றும், அதிர்ஷ்டம் இருந்தால். அந்த டயோடைக் கழற்றிவிட்டு, சரியான அடாப்டரில் உயிர் கொடுத்து எடுத்த டிஸ்க்குகள் என் கணக்கில் மூன்று. எடுக்க முடியாதவற்றை எண்ணவில்லை.

மூலத்தில் கை வைக்கக்கூடாது என்பதுதான் இந்தத் தொழிலின் முதல் விரதம். முதலில் டிஸ்க்கை அப்படியே, செக்டர் என்கிற சின்னச் சின்னத் துண்டு ஒவ்வொன்றாக, நல்ல டிஸ்க் ஒன்றுக்குப் பிரதி எடுக்க வேண்டும். நான் லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருளைப் பாவிக்கிறேன். அது நல்ல இடங்களை முதலில் வாரிக்கொள்ளும், முரண்டு பிடிக்கும் இடத்தைத் தாண்டிப் போய்விடும், கடைசியில் திரும்பி வந்து அந்த இடங்களைச் சுரண்டும். எதுவரை வந்தோம் என்பதை ஒரு சின்னக் கோப்பில் குறித்து வைத்துக்கொள்வதால் நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்தில் தொடரலாம். 2022இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம்கூட கரண்ட் வெட்டினார்களே, அப்போது இதன் அருமை தெரிந்தது. மாஸ்டரின் 40 ஜிபிக்கு ஒன்றரை நாள் பிடித்தது.

பிரதியைத் திறந்தால் 'கடிதங்கள்' என்று ஒரு ஃபோல்டர். உள்ளே ஒன்றுமில்லை.

ஒன்றுமில்லை என்றால், பார்வைக்கு ஒன்றுமில்லை. மீட்கும் மென்பொருளை ஓடவிட்டதும் அறுநூற்றுச் சொச்சம் பெயர்கள் வரிசையாக எழும்பின, எல்லாம் முதல் எழுத்து இல்லாமல். இதை விளக்க எனக்கு, தோட்டத்தில் வேலையாட்களின் பேர் எழுதும் செக்ரோலை விட நல்ல உதாரணம் கிடைக்கவில்லை. செக்ரோலில் பேர் வெட்டுப்பட்ட ஆள் அன்றைக்கே லயத்துக் காம்பராவைவிட்டுப் போவதில்லை. அடுப்பும் பாயும் அங்கேயேதான் இருக்கும். அந்தக் காம்பராவை இன்னொரு குடும்பத்துக்குக் கொடுத்து, அவர்கள் சாமான் சட்டியோடு வந்த பிறகுதான் பழைய ஆள் போனதாக அர்த்தம். கம்ப்யூட்டரில் டிலீட் என்பது பேர் வெட்டுவது மட்டும்தான். மாஸ்டரின் டிஸ்க் ஃபாட் 32 என்ற பழைய முறையில் அமைந்தது. அதில் ஒரு கோப்பை அழித்தால், பெயரின் முதல் எழுத்து இருந்த இடத்தில் 'இது போய்விட்டது' என்ற குறி விழும். மற்ற எழுத்துகள் அப்படியே இருக்கும், சில வேளை உள்ளே எழுதியதும்.

மாஸ்டர் கோப்புக்கு ஆளின் பெயரை ஆங்கில எழுத்தில் வைத்திருந்தார், சுருக்கமாக. இப்போது முதல் எழுத்து போனதும் ராணி 'ஆணி' ஆகிவிட்டார். மணியும் அதே 'ஆணி'தான், ஆங்கிலத்தில் இரண்டுக்கும் மிச்சம் ஒன்றே. இப்படி ஏழெட்டு ஆணிகள். ராஜா, பூஜா இரண்டும் அரைகுறையாக. பார்த்துக்கொண்டே இருந்தபோது சிரிப்பு வந்தது. பிறகுதான் உறைத்தது: குறி விழுந்திருக்கிறது என்றால், யாரோ உட்கார்ந்து அழித்திருக்கிறார்கள். வைரஸ் தின்னவில்லை, பிள்ளைகள் கேம் போடுவதற்காக ஃபோர்மட் பண்ணவுமில்லை. மகளுக்குப் போன் போட்டுக் கேட்டேன். "ஆமா, மாசக் கடைசியில அப்பா எல்லாத்தையும் அழிச்சிருவாரு. ஆளுங்க நம்பி வந்து சொன்ன விசயம், இங்க கிடக்கக் கூடாதுன்னு சொல்லுவாரு" என்றார்.

மனுசன் அழித்துவிட்டதாகத்தான் நினைத்துக்கொண்டு போயிருக்கிறார்.

இப்போது அக்காவுக்கு எழுதிய கடிதத்தைத் தேட வேண்டும். அறுநூறையும் திறந்து படிக்க எனக்கு மனமில்லை. நான் வேலை பழகிய ஒரு கடையில், பெயர் வேண்டாம், ரிப்பேருக்கு வரும் போன், லெப்டொப்பிலிருந்து பெண்களின் படங்களைத் தனியே ஒரு ஃபோல்டரில் சேர்த்து வைத்திருந்தார்கள். அதைக் கண்ட மாதமே விலகினேன். அதனால்தான் இந்தக் கடை. கொட்டகலை, நோர்வூட், மஸ்கெலியா என்று பஸ் ஏறி என்னிடம் பெண் பிள்ளைகள் வருவதும் அதனால்தான், என் கைத்திறமையால் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். 2022இல் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புக்கு 9ஆம் இலக்கச் சட்டம் என்று ஒன்று வந்தது. ரிப்பேர் கடைப் படியேறி அது இன்னும் வந்து சேரவில்லை.

அப்புறம் ஒரு வழி தோன்றியது. எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான யூனிகோட் முறை அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் புழக்கத்தில் இல்லை, எல்லாம் பாமினி எழுத்துருதான். பாமினியில் டைப் பண்ணினது தமிழ் எழுத்தாகத் தெரிந்தாலும் டிஸ்க்கில் உட்கார்ந்திருப்பது ஆங்கில எழுத்துதான். எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் பூச்சி மேய்ந்த மாதிரி இருக்கும். டைப் பழகின எங்களுக்கு விரலில் அது இன்னும் இருக்கிறது. 'அக்கா' என்றால் எம், எஃப், அரைப்புள்ளி, எஃப், எச். இந்த ஐந்தையும் கொடுத்து முழுப் பிரதியிலும் தேடவிட்டேன். துரைக்கும் பொலிஸுக்கும் எழுதுகிறவர்கள் 'அக்கா' என்று ஆரம்பிக்க மாட்டார்கள் அல்லவா.

பதினொரு கோப்புகள் சிக்கின. இரண்டு திறக்கவே இல்லை, அவற்றின் இடத்தில் வேறேதோ குடியேறிவிட்டது. ஒன்று யாரோ ஒரு பெண் குவைத்தில் இருந்த தன் அக்காவுக்குச் சொல்லி எழுதியது. மூன்றாவது வரியில் மூடிவிட்டேன். அந்த மூன்று வரியில் என்ன இருந்தது என்பதை இங்கே எழுத மாட்டேன், வீட்டிலும் சொல்லவில்லை. ஆறாவதாகத் திறந்தது, "அன்புள்ள அக்காவுக்குத் தம்பி எழுதிக்கொள்வது. இங்கு யாவரும் நலம். மழை அதிகம்" என்று தொடங்கியது. வலது மேல் மூலையில் தேதி, 2004. கீழே கூடலூர், நீலகிரி மாவட்டம், பின்கோடு வரை எல்லாம். அதேபோல் இன்னும் இரண்டு. மூன்றையும் பென்டிரைவில் போட்டு, பாமினியிலேயே பிரிண்ட் எடுத்து வைத்தேன். யூனிகோடுக்கு மாற்றினால் அவர் கை வைத்த மாதிரி இருக்காது என்று தோன்றியது.

அந்தப் பெண் வந்து, கடையில் நின்றபடியே மூன்றையும் படித்தார். நான் கீழே போய் இரண்டு பிளேன்டீ சொல்லிவிட்டு மெதுவாக ஏறி வந்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் கேட்டார், "மத்ததையும் குடுங்க அக்கா. அப்பா எழுதினது எல்லாம். ஆண்டுத் திதிக்கு ஒரு சின்னப் புத்தகமா போடலாமுன்னு இருக்கேன்."

நான் முடியாது என்றேன். இவ்வளவு பட்டென்று சொல்லியிருக்க வேண்டாம். "அப்பா டைப் பண்ணினது தங்கச்சி, அவர் எழுதினது இல்ல. சொன்னவங்க வேற ஆளுங்க" என்று பிறகு இழுத்தேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது என்பதுதான் எனக்குச் சங்கடம். எங்கள் ஆட்களைப் பற்றித் துரைமார் எழுதி வைத்தது பெட்டி பெட்டியாக இருக்கிறது, எங்கள் ஆட்கள் வாயால் சொன்னது எங்கே இருக்கிறது? 2003, 2004இல் ஒரு டவுனில் சனங்கள் யாரிடம் எதைக் கேட்டு மனுப் போட்டார்கள் என்பது அந்த அறுநூறில் இருந்தது. பல்கலைக்கழகத்தில் யாராவது கண்டால் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். ஆனால் அதில் பேர் இருக்கிறவர்களில் பாதிப் பேர் இன்றைக்கும் அதே பஸ்ஸில் ஏறி இறங்குகிறார்கள். மாஸ்டர் மாதக் கடைசியில் உட்கார்ந்து அழித்தது அவர்களுக்காக. அரைகுறையாக நின்ற அந்த வேலையை முடிப்பதா, திருப்பிப் போடுவதா என்று கேட்டால், நான் மாஸ்டர் பக்கம் நின்றேன். சரியா என்று இப்போதும் ராத்திரியில் யோசிக்கிறேன்.

கடைசியில் அவரே, "அப்பா இருந்திருந்தா ஏசியிருப்பாரு" என்று சொல்லி டிஸ்க்கை என் பக்கம் தள்ளினார்.

அழிப்பது மீட்பதை விடச் சுலபம் என்று நினைப்பார்கள். பாதிதான் உண்மை. முப்பத்தைந்து தடவை மேலே எழுத வேண்டும் என்று ஒரு கதை ஊரெல்லாம் சுற்றுகிறது. அது பீட்டர் கட்மன் 1996இல் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது, அப்போதிருந்த விதவிதமான பழைய டிஸ்க்குகளை எல்லாம் சேர்த்துச் சொன்ன கணக்கு. பிந்திய டிஸ்க்குகளுக்கு அது தேவையில்லை என்று அவரே பிறகு எழுதினார். இந்தக் காலத்து ஹார்ட் டிஸ்க்கில் ஓரம் முதல் ஓரம் வரை ஒரு தடவை பூச்சியம் எழுதினால் மென்பொருளால் ஒன்றும் எடுக்க ஏலாது. சிக்கல் வேறு இடத்தில்: கெட்டுப்போன செக்டர்களில் எழுதவே முடியாது, ஏற்கனவே டிஸ்க் ஒதுக்கி வைத்த இடங்கள் நம் கைக்கு எட்டாது. முனகும் டிஸ்க் என்றால் கடைசியில் சுத்தியல்தான். தட்டுக்குப் பதிலாக மெமரிச் சில்லுகள் உள்ள எஸ்எஸ்டியின் கதை மொத்தமாக வேறு. அதில் மேலே எழுதுவதை நம்பக்கூடாது, எழுத்து எந்தச் சில்லில் போய் விழுகிறது என்பதை அதுவே தீர்மானிக்கும். அதற்கென்றே உள்ள செக்யூர் இரேஸ் கட்டளையைத்தான் கொடுக்க வேண்டும். மறுபக்கம், எஸ்எஸ்டியில் தவறுதலாக அழித்த படத்தை மீட்டுத் தரச் சொல்லி வருகிறவர்களைப் பெரும்பாலும் வெறுங்கையோடுதான் அனுப்புகிறேன். அது அழித்த காம்பராவை உடனே கழுவி விட்டுவிடுகிற சாதி.

மாஸ்டரின் டிஸ்க்குக்கு ஒரு சுற்று பூச்சியம் போட்டேன். என்னிடம் இருந்த பிரதியையும் விட்டு வைக்கவில்லை, அதன் மேலும் எழுதினேன். பலர் மறப்பது அதைத்தான். பிறகு நட்சத்திர முனைத் திருப்புளியால் மூடியைக் கழற்றினேன். உள்ளே தட்டு, ஒரு சொட்டு தூசி இல்லாமல், முகம் பார்க்கலாம் போல. இருபது வருடம் எங்கள் பக்கத்து ஈரத்தில் கிடந்த பெட்டிக்குள் அப்படி ஒரு சுத்தம். அது அலுமினியம், சுத்தியலுக்கு வளைந்து பள்ளம் விழும். லெப்டொப் டிஸ்க்குகளில் பெரும்பாலும் கண்ணாடித் தட்டு. முதல் தடவை அது தெரியாமல் வளைக்கப் போய், வெடித்துச் சிதறி, இடது பெருவிரலில் இன்னும் தழும்பு இருக்கிறது. இப்போது துணியில் சுற்றித்தான் அடிக்கிறேன். ஐந்தாறு அடி. பேக்கரிக்காரர் கீழேயிருந்து "மேல என்ன நடக்குது?" என்று சத்தம் போட்டார்.

ஹெட்டை அசைக்கும் காந்தங்கள் இரண்டையும் எடுத்து வைத்துக்கொண்டேன், மகளிடம் கேட்டுவிட்டுத்தான். ஒன்று என் இரும்பு அலுமாரியில் கரண்ட் பில்லைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. மற்றது கீழே விழுகிற ஸ்குரூக்களைப் பொறுக்க.

நேற்று அந்தப் பெண் போன் பண்ணினார். கூடலூர் முகவரிக்குப் பதிவுத் தபாலில் கடிதம் போட்டிருக்கிறாராம். கையால் எழுதினாராம். இருபது வருடத்துப் பழைய முகவரி அது. பதில் இன்னும் வரவில்லை.